காந்த வேலிக்குள் கதிரவன்



வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் பொறிகளை இயக்கி வருகின்றனர். பொறியை இயக்கக் கற்றால் போதும், அதன் உட்பொருளை ஆராய்வது வேறு யாருக்கோ உரியது என்னும் எண்ணம் நம் தெருக்களை விட்டு இன்னும் முற்றும் நீங்கவில்லை. அதை நீக்கும் பொருட்டே, கடினமென்று கருதப்படும் ஓர் அறிவியற் பொருளை இவ்வெள்ளி விழாவில் பேச எடுத்துக்கொண்டோம்.

ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைவதால் பிறக்கும் ஆற்றலே கதிரவனின் ஒளியும் வெம்மையும் ஆகும். அவ்விணைவைப் புவியில் நிகழ்த்த, ஹைட்ரஜனின் வகைகளாகிய டியூட்டிரியத்தையும் டிரிட்டியத்தையும் 10 கோடி டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அவ்வெப்பத்தில் அணுக்களினின்று எலக்ட்ரான்கள் பிரிந்து, வாயு பிளாஸ்மா ஆகிறது. அதைத் தாங்கவல்ல பாத்திரம் உலகில் இல்லை. ஆகவே, டோக்கமாக் என்னும் வளைய வடிவக் கலத்தினுள் காந்தப்புலத்தையே வேலியாக்கி அதை நிறுத்துகின்றனர்.

வெப்பநிலை மாறாதிருக்க அடர்த்தி இருமடங்கானால், விளையும் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே அடர்த்தி வேண்டும். ஆனால் வாயுவை மேலும் மேலும் செலுத்தினால் பிளாஸ்மாவின் விளிம்பு குளிர்கிறது. மின்னோட்டம் நடுப்பகுதிக்குச் சுருங்குகிறது. காந்தப்புலத்தில் தீவுகள் போன்ற சிதைவுகள் வளர்கின்றன. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பிளாஸ்மா முழுதும் குலைந்து சுவரைத் தாக்குகிறது. இவ்வடர்த்தியின் எல்லையை அமெரிக்க அறிஞர் மார்ட்டின் கிரீன்வால்ட் 1988இல் ஓர் எளிய வாய்பாட்டில் அடக்கினார். மின்னோட்டம் மிகுந்தால் எல்லை உயரும். பிளாஸ்மாவின் குறுக்குப் பரப்பு பெருத்தால் தாழும்.

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடைபெறுகிறது. குஜராத்தில் காந்திநகரை அடுத்த பாட் என்னும் ஊரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில், 1989இல் ‘ஆதித்யா’ டோக்கமாக் இயங்கத் தொடங்கியது. அதன் அறிஞர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. அவர்கள் ஹைட்ரஜன் வாயுவை வேண்டுமென்றே செலுத்திக் குலைவை உண்டாக்கினர். பிறகு, பிளாஸ்மாவின் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு மின்முனையை வைத்து, வாயு நுழையும் முன்பே அதற்கு மின்னழுத்தம் கொடுத்தனர். பிளாஸ்மாவின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் சுழலலாயின, காந்தத் தீவுகள் வளரவில்லை, குலைவு தவிர்க்கப்பட்டது. வேலி முழுவதையும் பெருக்காமல், விளிம்பில் தக்க தருணத்தில் செய்த சிறு செயலே காத்தது.

அமெரிக்காவின் சான்டியாகோ நகரிலுள்ள டி-மூன்று-டி டோக்கமாக்கில், கிரீன்வால்ட் எல்லையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுந்த அடர்த்தியில் பிளாஸ்மாவை நிலைநிறுத்திய செய்தி 2024இல் வெளியாயிற்று. இணைவு மின்சாரம் இன்னும் எந்த வீட்டு விளக்கையும் ஏற்றவில்லை என்பது உண்மையே. எனினும், எல்லை என்று எழுதி வைத்தது கடக்கவே இயலாத விதி அன்று என்பது தெளிவாயிற்று.

இத்துறையின் அடிப்படைகளுள் ஒன்றை அளித்தவர் மேகநாத சாகா. குறிப்பிட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்பதைக் கூறும் சமன்பாட்டை அவர் 1920இல் வெளியிட்டார். 1893இல் டாக்காவை அடுத்த சிற்றூரில் எளிய மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தா மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் பந்தியில் விலக்கப்பட்டவர். விண்மீன்களின் ஒளியைப் படிக்க உலகம் அவர் சமன்பாட்டையே நாடியது.

தோழர்களே! டோக்கமாக் ஒன்றை எழுப்பக் கணக்கறிந்தோர் மட்டும் போதார். கசிவின்றிப் பற்றவைப்போர், வெற்றிடக் குழாய்களைப் பேணுவோர், மின்சுருள் சுற்றுவோர், அளவு கருவிகளைக் கண்காணிப்போர் யாவரும் வேண்டும். கைத்திறன் நம்மிடம் உண்டு. அதனோடு இயற்பியலும் கணிதமும் சேர வேண்டும். ஷிப்டு முறையில் உழைக்கும் நம் பிள்ளைகள் தமக்கு ஓய்வுள்ள வேளையில் வந்து பயில, காலையும் மாலையும் அவ்விரு பாடங்களுக்கும் வகுப்பு நடத்துவதை நம் சங்கம் அடுத்த பணியாக ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் குலைந்த பின் வருந்துவதைவிட, முன்னரே விளிம்பைக் காப்போம்.