போத்தலில் வந்த பழம்



சில ஆண்டுகளுக்கு முன், மாரிகாலத்து ஒரு காலை வேளையில், புல்மோட்டையிலுள்ள எமது பாடசாலை அலுவலகத்துக்குத் தாயார் ஒருவர் வந்தார். அவர் கையில் கருஞ்சிவப்பு நிறப் பாணி நிரம்பிய சிறு போத்தல் ஒன்று இருந்தது. இலண்டனில் வாழும் அவருடைய தம்பி அனுப்பியதாம்.

"சேர், மகனுக்குக் காய்ச்சல். இது இயற்கை மருந்து, ஒரு தீங்கும் இல்லை என்று தம்பி சொல்கிறான். இதில் எழுதியிருப்பதை ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கோ" என்றார்.

வாசித்தேன். 'எல்டர்பெரி' என்றிருந்தது. யானோ கலைப் பட்டதாரி. அம்மரத்தின் பெயரை ஆங்கில இலக்கியத்திற் கண்டதுண்டேயன்றி மருந்தாகக் கண்டதில்லை. பழச்சாறுதானே என்றெண்ணி, "கொடுங்கள், குற்றமில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் படியிறங்கிய பின்னரே, காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்கவில்லையே என்பது உறைத்தது. வாசலுக்கு விரைந்து சென்று கேட்டேன். மூன்றாம் நாள் என்றார்.

2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானதையும், அவ்வாண்டின் தொடக்கத்தில் எமது மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாட்டையும் யான் மறந்திருக்கலாகாது. உடனே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுமாறு வற்புறுத்தினேன். இரத்தத்தைச் சோதித்தார்கள், டெங்குதான். சில நாட்கள் அங்கு தங்கியிருந்து பிள்ளை சுகமாக வீடு திரும்பினான்.

அதன் பின்னரே அப்பழத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். முதலிற் செய்ய வேண்டியதை இறுதியிற் செய்வது ஆசிரியர்களுக்கும் நேர்வதுண்டு.

எல்டர் என்பது ஐரோப்பாவில் வேலியோரங்களில் வளரும் சிறுமரம். கொத்துக் கொத்தாய்க் கருநீலப் பழம் பழுக்கும். அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாக அதனைக் காய்ச்சித் தடிமனுக்கும் சளிச்சுரத்துக்கும் அருந்தி வந்தனர். நோர்வேயில் 60 நோயாளரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வொன்று, இன்புளுவென்சாக் காய்ச்சல் கண்டோர் இப்பாணியினால் ஏறக்குறைய நான்கு நாட்கள் முன்னதாகவே தேறினர் என்றது. அமெரிக்காவில் 87 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வோ பயன் எதனையும் காணவில்லை. ஆகவே தடிமனுக்குச் சிறிது உதவலாம், உதவாமலும் போகலாம் என்பதே நேர்மையான விடை. டெங்குவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை.

தீங்கே இல்லை என்ற பேச்சுத்தான் பெரும் பிழை. எல்டரின் இலையிலும் தண்டிலும் பழுக்காத காயிலும் சயனைட்டு நஞ்சை வெளிவிடும் பொருள் உண்டு. 1983 ஆகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்தினர் அவ்வினப் பழங்களை இலை தண்டோடு நசுக்கிப் பச்சையாகச் சாறு பிழிந்து அருந்தினர். வாந்தியும் வயிற்று வலியும் கண்டு, எட்டுப் பேரை ஹெலிகொப்டரில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. நல்வேளையாக அனைவரும் பிழைத்தனர்.

இந்நஞ்சு எமக்குப் புதியதன்று. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் இதே இனத்தைச் சேர்ந்ததே. மரவள்ளியை மூடாமல் அவிக்க வேண்டும் என்று எங்கள் பாட்டிமார் சட்டியின் மூடியைப் பிடுங்கி எறிவார்களே, அதற்குக் காரணம் உண்டு. கொதிக்கும் நீரிலிருந்து அந்நஞ்சு ஆவியோடு வெளியேறிவிடும்; அது 26 பாகை வெப்பத்திலேயே கொதிப்பது. கிழங்கு உண்ட அன்று இஞ்சி ஆகாது என்றும் சொல்வார்கள். அதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். மூடியைப் பற்றி மட்டும் பாட்டியின் பக்கமே நிற்பேன். எங்கள் வளவில் முளைக்கும் மணத்தக்காளியின் கதையும் இதற்கு அயலானதே: நன்கு கறுத்துப் பழுத்ததைப் பிள்ளைகள் உண்பர், பச்சைக் காயில் வேறொரு நஞ்சு உண்டு.

எல்டர்பெரிப் பாணி உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும். அது காய்ச்சிப் பதப்படுத்தியதுதானா என்று பாருங்கள். உலர்ந்த பழமாக வந்தால் வேகவைக்காமல் உண்ண வேண்டாம். நீரிழிவுக்காரர் சீனியின் அளவை நோக்குக. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து அருந்துவோரும் வைத்தியரைக் கேளாமல் தொடவேண்டாம். காய்ச்சல் என்றால், பாணி இருக்கிறதே என்று நாளைக் கடத்தாதீர்கள். மூன்றாம் நாளுக்குள் இரத்தத்தைச் சோதித்துவிட வேண்டும். டெங்கு என்ற ஐயமிருக்கும்போது பரசிற்றமோல் தவிர்ந்த அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை இரத்தக் கசிவைத் தூண்டும். இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. "சூடு விட்டது, பாணி வேலை செய்துவிட்டது" என்று மகிழ்ந்து வீட்டில் இருந்துவிடக்கூடிய வேளையும் அதுவே.

அத்தாயார் மறுமாதம் மீண்டும் வந்தார், அதே போத்தலோடு. இப்போது தடிமன் வந்திருப்பது இளைய பிள்ளைக்கு. வயது எட்டு மாதம். இம்முறை சிறிய எழுத்தையும் விடாமல் வாசித்தேன். பாணியில் தேன் சேர்ந்திருந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சு பரப்பும். அதைச் சொன்னேன். போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்ப நான் வைத்தியசாலைக்கே போறன், சேர்" என்று கூறி அவர் நடந்தார்.