தொலைவிலுள்ள கணினியும் அதன் கிடங்கும்

நெடுந்தொலைவில் இருக்கும் ஒரு சேவைக் கணினியை நிறுத்தி மறுபடியும் இயக்குகிறோம். கணினி எழுந்து நிற்கிறது. ஆனால் அதனோடு சேர்ந்திருக்க வேண்டிய சேமிப்புக் கிடங்கு வந்து சேரவில்லை. இது ஏன் நிகழ்கிறது, இதனால் விளையும் கேடு என்ன, எந்த முறையில் ஆராய்ந்து சரிசெய்யலாம் என்பவற்றை இன்று பார்ப்போம்.

பல நிறுவனங்களில் வேலை செய்யும் கணினி ஓரிடத்திலும், கோப்புகளைக் காக்கும் வட்டுகள் வேறு பெட்டியிலும் இருக்கின்றன. இரண்டையும் வலையமைப்பு இணைக்கிறது. இதற்கென சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் உருவாக்கிய என்எஃப்எஸ் என்னும் முறை, லினக்ஸ் கணினிகளில் இன்றும் பரவலாக வழங்குகிறது. கணினியில் வெறுமையான ஒரு கோப்புறையை முதலில் அமைத்து வைப்பார்கள். அது ஒரு கதவைப் போன்றது. தொலைவிலுள்ள கிடங்கை அந்தக் கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து பொருத்துவதையே 'மவுண்ட்' செய்தல் என்கிறார்கள். பொருத்திய பிறகு கதவைத் திறந்தால் கிடங்கு தெரியும். பொருத்தாமல் திறந்தாலோ, கதவு திறக்கும். உள்ளே வெற்றறைதான் இருக்கும். இன்றைய பேச்சின் உயிர்நாடி இந்த வெற்றறைதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஈப்போவில் ஒரு மொத்த வியாபாரக் கடை. அதன் கணக்குகள் யாவும் 200 கிலோமீட்டருக்கு அப்பால், சைபர்ஜெயாவில் உள்ள ஒரு தரவு மையத்துக் கணினியில் இருக்கின்றன. இரவுதோறும் அந்தக் கணக்குகளின் நகல் கிடங்குக்குப் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தக் கணினியை மறுபடி இயக்குகிறார்கள். திங்கட்கிழமை காலையில் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. உண்மையில் நன்றாகத்தான் இருக்கிறதா?

கணினி விழித்தெழும் வேளையில் நடப்பதைக் கவனிப்போம். முதலில் கணினியின் உள்வட்டுகள் தயாராக வேண்டும். அடுத்து வலையமைப்புக்கு முகவரி கிடைக்க வேண்டும். கிடங்கைப் பெயரால் குறிப்பிட்டிருந்தால், அந்தப் பெயருக்குரிய முகவரியைத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகே கிடங்கைப் பொருத்த முடியும். கிடங்கு வந்தபின்தான் அதை நம்பியிருக்கும் நிரல்கள் வேலையைத் தொடங்க வேண்டும். உலை கொதிக்குமுன் அரிசியைப் போட்டால் சோறு ஆகுமா? இங்கும் வரிசை தவறினால் காரியம் கெடும்.

இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இந்தத் தொடக்க வேலைகளை நடத்துவது 2010இல் வெளிவந்த சிஸ்டம்டி என்னும் நிரல். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அது பல வேலைகளை ஒரே சமயத்தில் தொடங்கிவிடும். எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லிவைத்தால் காத்திருக்கும். சொல்லாவிட்டால் எது முந்துகிறதோ அதுவே முந்தும். எந்தக் கிடங்கை எந்தக் கோப்புறையில் பொருத்துவது என்ற பட்டியல் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். பழுதுகளில் பல அந்த வரிகளிலிருந்தே பிறக்கின்றன.

பழுது இருவகைப்படும். ஒன்று கூச்சலிடும் பழுது. மற்றொன்று வாய் திறவாப் பழுது.

கூச்சலிடும் பழுதை முதலில் காண்போம். எஃப்எஸ்டேப்பில் என்எஃப்எஸ் என்று எழுதியிருந்தால், அது வலையமைப்புக்குரியது என்று சிஸ்டம்டி தானாகவே உணர்ந்துகொள்ளும். ஆனால் ஐஸ்கஸி என்னும் முறையில் வரும் தொலைவட்டு, பார்வைக்குச் சாதாரண உள்வட்டைப் போலவே இருக்கும். சிஸ்டம்டி அதை உள்வட்டென்றே எண்ணி, வலையமைப்பு வருவதற்கு முன்பே தேடத் தொடங்கும். வழக்கமாக 90 விநாடிகள் காத்திருக்கும். கிடைக்காவிட்டால் அவசர நிலை என்ற நிலைக்குள் போய் நின்றுவிடும். அந்த நிலையில் வலையமைப்பும் இயங்காது; தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் வாயிலும் திறக்காது. கணினியின் விசைப்பலகைக்கு முன்னால் ஒருவர் அமர்ந்தால்தான் வழி பிறக்கும். கடைக்காரர் ஈப்போவில் இருக்கிறார். விசைப்பலகையோ சைபர்ஜெயாவில் இருக்கிறது.

வாய் திறவாப் பழுது இதனினும் கொடியது. என்எஃப்எஸ் கிடங்கைப் பொருத்த முடியாமற்போனால், கணினி அதற்காக நின்றுவிடுவதில்லை. பழுதைக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு மேலே செல்லும். இரவில் நகல் எடுக்கும் நிரல் வழக்கம்போல் கதவைத் திறக்கும். உள்ளே வெற்றறை என்பது அதற்குத் தெரியாது. நகலை அங்கேயே எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். எழுதியதோ கணினியின் உள்வட்டில். மூலமும் நகலும் ஒரே வட்டில் இருந்தால், அந்த வட்டு பழுதாகும் நாளில் இரண்டும் ஒன்றாகப் போகும். பல மாதக் கணக்கு இருக்கிறது என்று நம்பியிருந்த வியாபாரி, தேவைப்படும் நாளில் கையை விரிக்க நேரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிற்பாடு கிடங்கைச் சரியாகப் பொருத்தியதும், வெற்றறையில் எழுதிய கோப்புகள் கண்ணுக்கு மறைந்துவிடும். அவை அழிவதில்லை, கிடங்குக்கு அடியில் இருந்துகொண்டு உள்வட்டின் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். 'வட்டு நிறைந்துவிட்டது, ஆனால் நிறைத்த கோப்பைக் காணோம்' என்று தேடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கிடங்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அவை வெளிப்படும்.

சரி, ஆராயும் முறை என்ன? முதல் விதி, பதறிப்போய் மீண்டும் மீண்டும் கணினியை நிறுத்தி இயக்கக்கூடாது. உள்ளே நுழைய முடிகிற கணினியை நாமே பூட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, கிடங்கு உண்மையிலேயே பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபைண்ட்எம்என்டி என்ற கட்டளையுடன் கோப்புறையின் பெயரைக் கொடுத்தால், பொருந்தியிருந்தால் விவரம் வரும். இல்லையேல் ஒன்றும் வராது. பிறகு ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையால் தொடக்க வேளைக் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். வலையமைப்புக்கு எந்த விநாடியில் முகவரி கிடைத்தது, கிடங்கை எந்த விநாடியில் தேடினார்கள் என்று இரண்டையும் ஒப்பிட்டாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

மூன்றாவதாக, கிடங்கை நம் கையால் பொருத்திப் பார்க்க வேண்டும். இதுவே மருத்துவர் நாடி பிடிப்பது போன்ற சோதனை. இப்போது பொருந்திவிட்டால் கிடங்கிலும் குற்றமில்லை, வழியிலும் குற்றமில்லை. தொடக்க வேளையின் வரிசையில்தான் குற்றம். இப்போதும் பொருந்தாவிட்டால் வரிசையைக் குறைசொல்லிப் பயனில்லை. கிடங்கின் பெயர் சரியான முகவரியைத் தருகிறதா, என்எஃப்எஸ்ஸுக்குரிய 2049ஆம் எண் வாயிலைப் பாதுகாப்புச் சுவர் ஏதும் மறிக்கிறதா, நம் கணினிக்குக் கிடங்கு அனுமதி தந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மின்சாரம் போய் வந்த நாளில் வேறொன்றும் நேரலாம். கணினி விரைவில் எழுந்துவிடும். பல வட்டுகளைக் கொண்ட கிடங்கு மெதுவாக எழும். கதவைத் தட்டியபோது கிடங்கு உறக்கத்தில் இருந்திருக்கும்.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். ஐஸ்கஸி போன்ற தொலைவட்டுகளுக்கு, எஃப்எஸ்டேப் வரியில் கீழ்க்கோட்டுடன் தொடங்கும் 'நெட்டெவ்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இது வலையமைப்புக்குரியது, பொறுத்திரு என்று அது சிஸ்டம்டிக்குச் சொல்லும். வலையமைப்பு முழுதாகத் தயாராகும்வரை காத்திருக்கும் பணி அந்தக் கணினியில் இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது நிறுத்தப்பட்டிருந்தால், முகவரி கிடைக்குமுன்பே வலையமைப்பு தயார் என்று எண்ணிக் கணினி ஏமாந்துபோகும். மெதுவாக எழும் கிடங்குகளுக்கு 'ஆட்டோமவுண்ட்' என்னும் வசதி நல்ல மருந்து. தொடக்க வேளையில் அவசரப்படாமல், யாராவது கதவைத் தொடும் நேரத்தில்தான் அது கிடங்கைப் பொருத்தும்.

'நோஃபெயில்' என்று ஒரு சொல்லும் உண்டு. அதைச் சேர்த்தால், கிடங்கு வராவிட்டாலும் கணினி அவசர நிலைக்குப் போகாது. தொலைவிலுள்ள கணினிக்கு இது மிகவும் வேண்டிய ஒன்று. ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோஃபெயில் பழுதை நீக்குவதில்லை. கூச்சலிடும் பழுதை வாய் திறவாப் பழுதாக மாற்றிவிடுகிறது. ஆகவே அதைத் தனியாகச் சேர்த்துவிட்டு நிம்மதி கொள்ளலாகாது. நகல் எடுக்கும் பணிக்கான சிஸ்டம்டி கோப்பில் 'ரிகுவயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' என்று எழுதி, அருகில் கோப்புறையின் பெயரைக் குறிக்க வேண்டும். அப்போது கிடங்கு இல்லாத இரவில் அந்தப் பணி தொடங்கவே தொடங்காது. கிடங்கு கழன்றிருக்கும் வேளையில் வெற்றுக் கோப்புறையில் யாரும் எழுதாதபடி பூட்டிவைப்பதும் நல்லது. கணினி எழட்டும், வாயில் திறக்கட்டும். ஆனால் கிடங்கை நம்பிய வேலை மட்டும் கிடங்கு வரும்வரை காத்திருக்கட்டும். இதுவே சரியான ஏற்பாடு.

எஃப்எஸ்டேப்பைத் திருத்தியவுடன் கணினியை நிறுத்தி இயக்கிவிடக்கூடாது. ஃபைண்ட்எம்என்டி கட்டளையிலேயே அந்தக் கோப்பைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை ஓட்டிப் பிழை இல்லை என்று கண்டபின், புதிய வரிகளைப் படித்துக்கொள்ளும்படி சிஸ்டம்டிக்குச் சொல்லி, கையால் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். தரவு மையம் தரும் தொலைத் திரை வசதி, அதாவது வலையமைப்பு இல்லாதபோதும் கணினியின் திரையைக் காட்டும் வசதி, வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். பிறகு, உதவிக்கு ஆள் கிடைக்கும் நேரமாகப் பார்த்து, ஒருமுறை வேண்டுமென்றே கணினியை நிறுத்தி இயக்கிச் சோதிக்க வேண்டும். மின்சாரம் போகும் நள்ளிரவு நமக்காக அந்தச் சோதனையை நடத்தும்வரை காத்திருக்கலாகாது.

நேயர்களே, வேலை முடிந்தது என்று கணினி சொல்வது ஒன்று. எங்கே முடிந்தது என்று நாம் பார்ப்பது மற்றொன்று. வாரம் ஒருமுறையேனும் கிடங்கிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். சில நிமிட வேலைதான். ஆனால் ஒரு கடையின் கணக்கும், ஒரு பள்ளியின் பதிவேடும், ஒரு மருத்துவமனையின் குறிப்பும் உண்மையிலேயே பத்திரமாக இருக்கின்றனவா என்பதை அந்தச் சில நிமிடங்களே நமக்குச் சொல்லும்.