சிப்பிப்பாறை நாய் வளர்க்க ஆசையா?



சிப்பிப்பாறைக் குட்டி வேணும்னு நம்ம பொடியன்மார் சிலர் கேட்கிறாங்க. சிப்பிப்பாறை என்பது தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்து ஊர். அந்தக் காய்ந்த காட்டில் முயல் விரட்ட வளர்த்த ஜாதி இது. மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் நம்பும். ஏதாவது ஓடுறதைக் கண்டால் பாய்ந்துவிடும். அப்போ நீங்க கூப்பிட்டாலும் காதில் ஏறாது.

எனக்குப் பயம் அங்கேதான். நம்ம தேயிலை மலைகளில் பன்றிக்குக் கட்டின சுருக்குக் கம்பி கிடக்குது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டின கருஞ்சிறுத்தையே செத்துப்போனது. முழு வேகத்தில் ஓடுற நாயின் கழுத்து என்ன ஆகும்? மலைப்பக்கம் போனால் கயிற்றை விடாதீங்க. அதுக்காக நாள் முழுக்க இஸ்தோப்பில் கட்டிப்போடுறதும் பாவம். சுத்தி வேலி உள்ள மைதானம் இருந்தால் அவிழ்த்து விடுங்க. இல்லாட்டி நீங்களும் கூடவே ஓடத்தான் வேணும்! கோழி வளர்க்கிற வீட்டுக்கு இது தோதுப்படாது.

விலா எலும்பு தெரியுதுன்னு சோத்தை அள்ளிப் போடாதீங்க, உடம்பு வாகே அப்படி. ஆனால் முடி குட்டை, கொழுப்பும் குறைவு. நம்ம குளிருக்கு நடுங்கும். பழைய கம்பளியை விரித்து ராத்திரி காம்பராவுக்குள்ளே படுக்க விடுங்க. வருஷா வருஷம் விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, அந்தத் துண்டைப் பத்திரமா வையுங்க.