லே போற வழியில் ராத்திரி எங்கே தூங்கப் போறீங்க?

இந்த எபிசோட் லடாக் பைக் ட்ரிப் பத்தி. ட்ரோன் ஷாட், கலர் கலரா கொடி, மலை உச்சியில மேகி, இதெல்லாம் நீங்க ஏற்கெனவே நூறு வீடியோவுல பார்த்திருப்பீங்க. நான் பேசப் போறது பிளானிங் பத்தி மட்டும். அதுலயும் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வி: ராத்திரி எங்க தூங்கப் போறீங்க?

லடாக் பிளான்னு யார் காட்டினாலும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் இருக்கும். நாள், கிளம்பும் ஊர், சேரும் ஊர், கிலோமீட்டர். ஐடி ஆட்கள்னா கலர் வேற அடிச்சிருப்பாங்க. மணாலியிலிருந்து லே இப்போ சுமார் 430 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரை போற தூரத்தைவிடக் கொஞ்சம் கம்மி. விடிகாலையில கிளம்பினா மதியச் சாப்பாடு மதுரையிலன்னு பழகின நமக்கு, இதுக்கு ரெண்டு நாள் ஒதுக்கினாலே ரொம்பத் தாராளம்னு தோணும். அங்கதான் கணக்கு தப்பாகுது. அந்த ஷீட்ல கிலோமீட்டர் காலத்தை மறைச்சிட்டு, "தூங்கும் உயரம்"னு ஒரு காலம் சேர்த்துப் பாருங்க.

மணாலி சுமார் 2,050 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம் கீழ. தமிழ்நாட்டுல வளர்ந்தவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நம்மில் பெரும்பாலானவங்க வாழ்க்கையில ஊட்டிக்கு மேல தூங்கினதே கிடையாது. இப்போ மணாலிக்கு அடுத்து பலபேர் பிளான்ல இருக்கிற ஊர் சர்ச்சு. அது 4,290 மீட்டர். ஒரே நாள்ல 2,200 மீட்டருக்கு மேல ஏறி, அங்கேயே படுக்கிறோம்.

2020 அக்டோபர்ல அடல் சுரங்கப்பாதை திறந்தாங்க. 9 கிலோமீட்டர் நீளம், ரோத்தாங் கணவாய் மேல ஏறி இறங்குறது மிச்சம், 46 கிலோமீட்டர் குறைஞ்சது. லாஹௌல்ல குளிர்காலத்துல மாட்டிக்கிற மக்களுக்கு அது பெரிய வரம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நம்மை மாதிரி ட்ரிப் போறவங்களுக்கு ஒரு பக்கவிளைவும் இருக்கு. முன்னாடி ரோத்தாங்கே பாதி நாளைத் தின்னுடும், வேற வழியில்லாம கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்குவாங்க. இப்போ சாயங்காலத்துக்குள்ள சர்ச்சு டென்ட்டுக்குப் போயிடலாம். ரோடு வேகமாயிடுச்சு, உடம்போட வேகம் அதேதான்.

உயரத்துல என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன். காத்துல ஆக்சிஜனோட சதவீதம் எல்லா இடத்துலயும் ஒன்னுதான், 21. குறையிறது அழுத்தம். 5,000 மீட்டர்ல காற்றழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு உடம்பு பழக நாள் ஆகும். 3,000 மீட்டருக்கு மேல போனா, தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, மூணு நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு எடுங்கன்னுதான் மலை மருத்துவத்துல பொதுவா சொல்றாங்க. ஜிம் போற உடம்பு, மாரத்தான் ஓடுற உடம்புன்னு இதுல சலுகை கிடையாது.

சர்ச்சுல இன்னொரு சிக்கல் இருக்கு. அதைப் பத்திப் பேசத்தான் இந்த எபிசோடே. உயர நோய்க்கு நம்பகமான வைத்தியம் கீழ இறங்குறது. ஆனா சர்ச்சுலேருந்து கீழ இறங்க ரோடு கிடையாது. மேப்பை எடுத்துப் பாருங்க. மணாலி பக்கம் திரும்பினா பாரலாச்சா லா, சுமார் 4,890 மீட்டர். லே பக்கம் போனா கட்டா லூப்ஸ்ல 21 வளைவு ஏறி, நகீ லா, அடுத்து 5,000 மீட்டருக்கும் மேல லாச்சுங் லா. எந்தப் பக்கம் போனாலும் முதல்ல மேல ஏறணும். அது ஒரு கிண்ணம். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட், அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் நாலு பேரோட இப்படித்தான் போனான். மணாலி, நேரா சர்ச்சு. ராத்திரி பத்து மணிக்கு வாந்தி ஆரம்பிச்சது. பன்னிரண்டு மணிக்கு டென்ட்டை விட்டு வெளிய வந்தவனால நேரா நடக்க முடியல. நடை தள்ளாடினா அது மூளை வீக்கத்தோட அறிகுறி, விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. போன் சிக்னல் இல்ல. டென்ட்காரர் பக்கத்து கேம்ப்ல இருந்த ஒரு டிரைவரை எழுப்பி, அந்த இருட்டுல பாரலாச்சா லா மேல ஏத்தி, கேலாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கீழ போகப் போக ஆள் தெளிஞ்சுட்டான். இப்போ நல்லா இருக்கான், கல்யாணமும் ஆயிடுச்சு.

ஆனா பிறகு அவன் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு மறக்கல. தலைவலி ஜிஸ்பாவைத் தாண்டும்போதே இருந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லல. "எல்லாரும் ஆறு மாசம் முன்னாடியே லீவு போட்டு வந்திருக்காங்க மச்சி, என் ஒருத்தனால ட்ரிப் கெடக்கூடாது"ன்னு நெனச்சிருக்கான். நம்ம ஃபிரண்ட்ஸ் குரூப்புல பாதிப்பேர் இதையேதான் செய்வாங்க. நல்ல பசங்கதான் இதைச் செய்வாங்க.

அதனால போன வருஷம் நாங்க மூணு பேர் போனப்போ, டிக்கெட் போடும் முன்னாடியே ஒரு விதி பேசி வெச்சோம். யாருக்குத் தலைவலின்னாலும் சொல்லணும். சொன்ன உடனே மூணு பேரும் அன்னைக்கு மேல ஏற மாட்டோம். ஓட்டெடுப்பு கிடையாது, கிண்டல் கிடையாது. வீட்டு மாடியில உட்கார்ந்து பேசும்போது இதுக்கு ஒத்துக்கிறது சுலபம். மலையில, குளிர்ல, முன்பணம் கட்டின டென்ட் முன்னாடி நின்னு பேசினா நடக்காது.

அடுத்து, திசை. நாங்க ஸ்ரீநகர் வழியா ஏறி மணாலி வழியா இறங்கினோம். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். முதல் ராத்திரி கார்கில், சுமார் 2,700. அடுத்த ராத்திரி லே, 3,500. நடுவுல ஃபோட்டு லா 4,108 மீட்டர் வருது, ஆனா அது ஏறி இறங்குற இடம், தூங்குற இடம் இல்ல. இந்த வழியில படிக்கட்டு மாதிரி உயரம் கூடும். ஒரு வாரம் கழிச்சு மணாலி பக்கம் இறங்கும்போது சர்ச்சுல தங்கினாலும் உடம்பு பழகியிருக்கும். அதே ரோடு, அதே டென்ட், திசை மட்டும் வேற. ஒன்னு மட்டும், ஜூலை ஆகஸ்ட்ல அமர்நாத் யாத்திரை நடக்கும்போது சோனாமார்க் பக்கம் டிராஃபிக் கட்டுப்பாடு இருக்கும். ஜோஜி லாவுல எந்த நேரத்துல எந்தப் பக்கம் வண்டி விடுறாங்கன்னு முந்தின நாளே விசாரிச்சுக்கோங்க.

லேயில ரெண்டு நாள் சும்மா இருக்கணும். சும்மான்னா நிஜமாவே சும்மா. மூணாவது நாள் கர்துங் லா ஏறி நுப்ரா பக்கம் இறங்கினோம். கணவாய் 5,300 மீட்டருக்கு மேல, ஆனா படுக்கை டிஸ்கிட்ல, சுமார் 3,100. பாங்காங் ஏரி 4,200க்கு மேல, அதைக் கடைசிக்குத் தள்ளிட்டோம். டயமாக்ஸ் மாத்திரை பத்திக் கேட்பீங்க. டாக்டர்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும், சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லணும். அது பழகுறதுக்கு உதவும், பழகுறதுக்குப் பதில் ஆகாது. ஸ்ப்ரே பாட்டில் மாதிரி விக்கிற ஆக்சிஜன் கேன் சில நிமிஷத்துக்குத்தான்.

இவ்வளவும் சேர்த்தா பன்னிரண்டு நாள் வருது, மேல ரெண்டு நாள் பஃபர். ஆபீஸ் எஸ்டிமேட்ல பஃபர் போட்டா மேனேஜர் முதல்ல அதைத்தான் வெட்டுவார். இங்க நிலச்சரிவு யாரையும் கேட்டுட்டு வராது. உங்களுக்கு ஒன்பது நாள்தான் லீவுன்னா முழு சுத்து வேண்டாம், ஸ்ரீநகர் போய் லே தொட்டு அதே வழியில திரும்பிடுங்க. வாடகை பைக்னா இன்னொன்னு: வெளியூர்ல எடுத்த வாடகை வண்டியை லேக்கு அப்பால நுப்ரா, பாங்காங் பக்கம் கொண்டுபோக உள்ளூர்ச் சங்கத்துக்காரங்க விடமாட்டாங்க. அங்கே வேற வண்டி எடுக்கணும். சொந்த வண்டிக்குப் பிரச்சினை இல்ல.

பெட்ரோல். கேலாங்குக்கு முன்னாடி தாண்டின்னு ஒரு ஊர். பேரே எச்சரிக்கை, தாண்டினா பெட்ரோல் இல்ல. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு அங்க வெச்சிருக்கிற போர்டு ரொம்பப் பிரபலம். ஹிமாலயன் 411ல டேங்க் 15 லிட்டர். ஊர்ல முப்பது கொடுக்கிற வண்டி, மணல்லயும் முதல் கியர்லயும் அதைக் கொடுக்காது. இருபத்தஞ்சுன்னு வெச்சுக் கணக்குப் போட்டா 375. பத்து கிலோமீட்டர் மிச்சத்தை நம்பி யாரும் மலை ஏறக் கூடாது. வண்டிக்கு அஞ்சு லிட்டர் கேன், தண்ணி பாட்டில் வேண்டாம். கழுத்துவரை நிரப்பாம, மேல போனதும் மூடியை மெதுவா திறங்க, உள்ள அழுத்தம் ஏறியிருக்கும்.

பனி உருகி ரோட்டுக்குக் குறுக்கே ஓடுற ஓடைகளைக் காலையிலேயே கடந்துடுங்க. வெயில் ஏற ஏறத் தண்ணி கூடும். டியூப் டயர்னா சக்கரத்தைக் கழட்டி மாட்டுறதை ஒரு தடவை வீட்டு வாசல்லயே செஞ்சு பாருங்க.

கடைசியா வீடு. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேணும். அதுவும் மணாலி ரோட்டுல பெரும்பகுதி சிக்னல் இருக்காது. "தினமும் பேசுறேன்மா"ன்னு அம்மாகிட்ட வாக்கு கொடுத்துட்டுப் போனா, முதல் நாளே அவங்களுக்குத் தூக்கம் போயிடும். நான் ஷீட்டோட பிரின்ட் ஒன்னு அம்மாகிட்ட கொடுத்து, இந்த ரெண்டு ராத்திரி போன் வராது, மூணாவது நாள் சாயங்காலம் வரும்னு மார்க் பண்ணிக் காட்டினேன். பார்த்துட்டு, "உயரம்னு எதுக்குடா தனியா எழுதி வெச்சிருக்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். ஃபிரிட்ஜ் மேல ஒட்டிட்டாங்க.

அடுத்த வாரம், சென்னையிலிருந்து பைக்கை ரயில் பார்சல்ல அனுப்புறது எப்படின்னு பேசலாம். அதுக்குள்ள யாராவது அனுப்பப் போறீங்கன்னா, டேங்க்ல பெட்ரோலை முழுசா வடிச்சிட்டு, ஆர்சி காப்பியோட ஸ்டேஷனுக்குப் போங்க. இல்லன்னா கவுன்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.