"யாருடைய தப்பு?" என்று கேட்காமல் ஒரு கூட்டம்

(ஊரப்பாக்கத்தில் நடந்த படைப்புக் குழு ஆய்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு எத்தனை லைக் வந்தது, எத்தனை பேர் பகிர்ந்தாங்க என்று நான் பேசப் போவதில்லை. நாம் போட்ட ஒரு கார்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இதைப் பக்கத்தில் படிக்கும் நீங்களும் ஏதாவது ஒரு குழுவில் வேலை செய்பவராக இருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்குப் போகும் அரசு விரைவுப் பேருந்துகள் முதலில் இங்கே மாறின. மற்ற பேருந்துகள் பிறகு மாறின. அந்தப் பொங்கலுக்கு "ஊருக்குப் போகிறீர்களா?" என்று நாமும் ஒரு கார்டு போட்டோம். அழகான கார்டு. ஆனால் அதில் இருந்தது கோயம்பேடு!

நம்ம ஊரப்பாக்கத்திலேயே ஒரு குடும்பம். நாகர்கோவில் போக வேண்டும். இரண்டு குழந்தைகள், கையில் மூட்டை. கார்டைப் பார்த்துவிட்டு சுமார் 30 கிலோமீட்டர் போய் கோயம்பேட்டில் நின்றார்கள். பஸ் கிளம்புவதோ வீட்டுக்கு அடுத்த ஊரிலிருந்து. அந்த அம்மா போனில் என்னைத் திட்டவில்லை. "நீங்க போட்டா சரியா இருக்கும்னு நெனச்சோம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் கூட்டத்தில் நாம் என்ன செய்தோம்? "யார் போட்டது?" என்றோம். கார்டு செய்த தம்பி தலை குனிந்தார். அன்று இரவே குரூப்பை விட்டு வெளியேறினார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். முடிந்தது உண்மைதான், நமக்கு ஒரு நல்ல வடிவமைப்பாளர் இல்லாமல் போனார். முதலில் கேட்டதே நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை "எப்படி நடந்தது?" என்று மணி வாரியாகக் கேட்டோம். அது போன வருடப் பொங்கல் கார்டின் ஃபைல், வருடத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம். விஷயம் வந்தது இரவு பதினொரு மணிக்கு, வாய்ஸ் மெசேஜில். "ஓகே" சொன்னவர் கல்யாண வீட்டில் போனில் பார்த்துச் சொன்னார். போட்ட பத்தாவது நிமிடமே ஒருவர் "கிளாம்பாக்கம்ங்க" என்று கமெண்டில் எழுதியிருக்கிறார். அதைப் படிக்க நாம் ஆளே வைக்கவில்லை. இத்தனை ஓட்டை இருக்கும்போது அந்தத் தம்பி எப்படித் தப்பித்திருப்பார்?

கம்ப்யூட்டர் துறையில் இதை ரெட்ரோஸ்பெக்டிவ் என்பார்கள். நார்மன் கெர்த் என்பவர் 2001இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து ஒவ்வொருவரும் தன்னால் முடிந்ததைத்தான் செய்தார் என்று நம்பிக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கச் சொல்கிறார். நம் அரசியல் கூட்டங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம்!

மாமல்லபுரம் போனால் பஞ்ச ரதத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்களையும் பாருங்கள். மேல் பாகம் செதுக்கியாச்சு, அடிப்பாகம் வெறும் பாறை. பாதியில் நின்றதால்தான் மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கும் பாதியில் கெட்டுப்போன கார்டுதான் நம் வேலை முறையைக் காட்டியது.

அன்று ஒன்றே ஒன்றை மாற்றினோம். தேதி, இடம், போன் எண் உள்ள எந்தக் கார்டும், செய்தவர் அல்லாத இன்னொருவர் சம்பந்தப்பட்ட இடத்துக்கே போன் போட்டுக் கேட்காமல் போகாது. பத்து மாற்றம் எழுதி வைத்தால் ஒன்றும் நடக்காது, பட்டறிவுதான். இன்றைக்கும் அந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தோமா என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். கமெண்ட் படிக்க ஆள் வைப்பது இன்னும் பாக்கி.

சீட்டு எல்லார் கைக்கும் வந்தாச்சா? பெயர் எழுத வேண்டாம். பொறுப்பில் இருப்பவர்கள், என்னையும் சேர்த்து, கடைசியில்தான் பேச வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதலில்.

அந்தத் தம்பிக்கு நேற்று போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்துக்கு வரவில்லை என்றார். ஆனால் தன் சீட்டில் எழுத வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். முதலில் அதைப் படிக்கிறேன்.