உப்புத் தண்ணியிலும் பூக்கும் அரளி

(மகளிர் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது பனியன் கம்பெனிக்குப் போகிறோம். ஆர்டர் இருந்தால் ராத்திரி வரைக்கும் வேலை. இல்லையென்றால் வாரம் பூராவும் வீட்டில்தான். அந்த நேரத்தில் நம்ம அஞ்சு, பத்து சென்ட் காடு ஏதாவது கொடுக்குமா என்று பார்த்தால், பல ஊரில் கிணற்றுத் தண்ணி உப்பு.

இது ஏன் என்று நமக்குத் தெரியும். நொய்யலில் சாயத் தண்ணி போனது. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு கழிவு நீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை நடத்தலாம் என்று ஆனது. ஆனாலும் நிலத்துக்குள் இறங்கிய உப்பு சீக்கிரம் போகாது.

சத்தியமங்கலம் பக்கம் போல மல்லிகை வைக்கலாமே என்று கேட்கலாம். மல்லிகைக்கு நல்ல தண்ணி வேணும். அரளி அப்படி இல்லை. வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். நாலுவழிச் சாலையின் நடுவில் புகையிலும் வெயிலிலும் பூத்து நிற்பது அதுதானே? ஜப்பானில் 1945இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் சீக்கிரமே பூத்த செடி என்று அந்த நகரத்தின் பூவாகவே அரளியை வைத்திருக்கிறார்கள்.

நடும் முறை சுலபம். முதலில் தண்ணியையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். முற்றின குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டிப் பதியம் போட்டால் வேர் விடும். தெரிந்தவர் தோட்டத்தில் வாங்கினால் செலவே இல்லை. ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலக் குழியில் மக்கின தொழு உரம் போட்டு, ஆறரை அடிக்கு ஒரு செடி வையுங்கள். சென்டுக்கு 10 செடி பிடிக்கும். பத்து சென்டுக்கு 100 செடி. வேர் பிடித்த பிறகு வாரம் ஒரு தண்ணி போதும். தேங்க மட்டும் விடக்கூடாது. நாலைந்து மாதத்தில் பூ எட்டிப் பார்க்கும். புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால் வருஷம் ஒருமுறை கவாத்து செய்யணும். மஞ்சள் அசுவினி மொய்த்தால், லிட்டர் தண்ணிக்கு 30 மி.லி. வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து அடிக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். அரளியில் இலை, பூ, குச்சி, வேர் எல்லாமே விஷம். காய்ந்த பிறகும் விஷம்தான். கொஞ்சம் இலை தின்றாலே ஆடு செத்துப் போகும். ஆடு மாடு வைத்துப் பிழைக்கிற ஊர் நம்முடையது. ஒரு ஆடு போனால் எத்தனை மாசப் பூக்காசு போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதனால் அரளியையே வேலியாக வைக்காதீர்கள். கொறங்காட்டுக்கு நம்ம பெரியவர்கள் வைத்த கிளுவை வேலி வெளியே இருக்கட்டும், அரளி உள்ளே இருக்கட்டும். கவாத்து செய்த கழிவைக் குழி தோண்டிப் புதையுங்கள். அடுப்பில் வைக்காதீர்கள், புகையும் கெடுதல். பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டாதீர்கள்.

கேரளாவில் ஒரு இளம்பெண் அரளி இலையை மென்றதால் இறந்தார் என்ற சந்தேகம் எழுந்ததும், 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கக்கூடாது என்று சொன்னது. நாமும் மாலைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், உடனே 108. ஆடு மாட்டுக்கு 1962.

மொட்டாக இருக்கும்போதே பறிக்கணும். விடியக்காலை பறித்தால் எட்டரை மணி கம்பெனி வண்டியைப் பிடித்துவிடலாம். ஒருத்தர் ஒரு கிலோவை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனால் பஸ் செலவுக்கே சரியாகும். ஒரு குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து வைத்து, முறை போட்டு ஒருத்தர் கொண்டு போங்கள். யார் பூ எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதுங்கள். முகூர்த்தம், பண்டிகைக்கு விலை ஏறும், மறுநாளே இறங்கும். ஏறின விலையை நம்பிப் பெரிய கடன் வாங்க வேண்டாம், உள்கடனே போதும்.

கம்பெனிச் சம்பளம் வாரக் கடைசியில்தான் வரும். பூக்காசு அன்றாடம் வரும், நம்ம கைக்கே வரும். ஆட்டையும் குழந்தையையும் காப்பாற்றிக்கொண்டு இந்தச் செடியை வைப்போம்.