பூட்டிய கிளையில் ஓடிய மீட்டர்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மின்சாரத்தைப் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே தகுதி, எங்கள் கிளையின் கரண்ட் பில்லைப் பல வருடம் கட்டியவன் என்பதுதான்.

ஒரு வருடம் பில் ஏறிக்கொண்டே போனது. மேனேஜர் கூப்பிட்டு, "ஏதாவது பண்ணுங்க சார்" என்றார். வாடிக்கையாளர் நேரம் முடிந்த பிறகு எதற்கு என்று, மாலை 4 மணிக்கு ஏ.சி.யை நிறுத்தச் சொன்னேன். கேஷ் கேபினுக்கு ஜன்னலே கிடையாது என்பதை யோசிக்கவில்லை. கேஷியர் அம்மா அந்த நேரத்தில்தான் அன்றைய பணத்தை எண்ணி முடிப்பார். நோட்டு பறக்கும் என்பதால் ஃபேனும் போட முடியாது.

மூன்றாம் நாள் 1,000 ரூபாய் குறைந்தது. இரவு 8 மணிவரை எல்லா விளக்கையும் போட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை. அந்தம்மா கைக்காசு போட்டுக் கட்டினார். வியர்வையில் எண்ணியதுதான் காரணமா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று நாளில் நான் மிச்சம் பிடித்ததைவிட அவர் கட்டியது அதிகம். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

மறுநாள் ஏ.சி.யைப் பழையபடி போடச் சொல்லிவிட்டு, வேறு வழி பார்த்தேன். மாலையில் கிளையைப் பூட்டும்போது மீட்டரைக் குறித்தேன். காலையில் திறந்ததும் குறித்தேன். யாருமே இல்லாத 15 மணி நேரத்தில் 41 யூனிட் ஓடியிருந்தது! சர்வர், ஏ.டி.எம்., அலாரம் இவற்றை நிறுத்த முடியாது, சரி. மற்றவை? வெளிப்பலகை விடியும்வரை எரிந்தது. யாரும் குடிக்காத தண்ணீரை வாட்டர் கூலர் இரவெல்லாம் குளிரவைத்தது. நான்கைந்து கம்ப்யூட்டர்களும் கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன்களும் ஓடிக்கொண்டிருந்தன.

பலகைக்கு ஒரு டைமர் வைத்தோம். கடைசியாகப் பூட்டுபவர் அணைக்க வேண்டிய சுவிட்சுகளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். பத்து நாளில் அந்த 41, 24 ஆனது. யாருக்கும் வியர்க்கவில்லை.

ஏ.சி.யையும் விட்டுவிடவில்லை. 20-ல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எங்கள் கிளையிலும் உண்டு. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 24-ல் வைத்து, மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவினாலே போதும். அலுவலகம், கிளினிக், கடை வைத்திருப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. நாளைக்கே செய்து பார்க்கலாம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். பொது மின்கட்டணம் கூடிவிட்டது, பராமரிப்புச் சந்தாவை ஏற்ற வேண்டும் என்கிறார்கள். செலவைக் குறைக்க, காவலர் அறை ஃபேனை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. நமக்கு இது வீடு. காவலருக்கும், துப்புரவு செய்யும் அம்மாக்களுக்கும், பிளம்பருக்கும் இதுதான் வேலை செய்யும் இடம். அதனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

60 வாட் ஃபேன், இரவு 12 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 22 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்கூட 175 ரூபாய்தான். நம் கார் பார்க்கிங்கில் 20 வாட் எல்.இ.டி. டியூப்கள் 40 இருக்கின்றன. இரவு பகலாக எரிகின்றன. பகல் 12 மணி நேரம் பாதியை மட்டும் அணைத்தால் மாதம் 144 யூனிட், அதாவது 1,152 ரூபாய் மிச்சம். ஆறு காவலர்களுக்கு ஃபேன் போடலாம்!

என் வேண்டுகோள் இதுதான். சந்தாவை ஏற்றும் முடிவை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். மீட்டர் அறையில் ஒரு நோட்டு வைப்போம். இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் ரீடிங் எடுக்க நான் தயார். கூட இரண்டு பேர் வந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். நாம் தூங்கும்போது எது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, எதை நிறுத்துவது என்று பேசுவோம்.

அதுவரை காவலர் அறை ஃபேன் ஓடட்டும்.